எதிராளியின் பேரேடு

கருத்து வேற்றுமை மனித குலத்தோடு கூடப் பிறந்தது. அதைக் கண்டு வியப்பதற்கோ வருந்துவதற்கோ ஒன்றுமில்லை. வருந்தத்தக்கது வேறொன்று. மாற்றுக் கருத்துடைய ஒருவர் அக்கருத்தை ஏன் கொண்டார் என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே அருகி வருகிறது. கேட்காமலே விடையும் சொல்லிவிடுகிறோம். “அவனுக்கு மதவெறி”, “இவன் மார்க்கத்தை விற்றவன்”, “அவன் கூலிக்கு மாரடிக்கிறவன்” என்று ஒற்றைச் சொல்லில் ஓர் ஆளின் கணக்கை முடித்துவிட்டுப் பெட்டியடிக்குத் திரும்பிவிடுகிறோம்.

மலேசிய நாட்டின் அண்மைக்கால வரலாற்றை நம் வணிகப் பெருமக்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடுதலை பெற்ற 1957 முதல் அலையன்ஸ் என்றும் பிறகு பாரிசான் நேஷனல் என்றும் பெயர் தாங்கி ஆண்டு வந்த கூட்டணி 2018 மே 9-ஆம் நாள் முதன்முறையாகத் தோற்றது. அடுத்து வந்த ஆட்சி 2020 பிப்ரவரியில் கவிழ்ந்தது. 2022 நவம்பர் 19-இல் நடந்த பொதுத்தேர்தலில் 222 இடங்களில் பக்காத்தான் ஹராப்பான் எண்பதுக்குச் சற்று மேலும், பெரிக்காத்தான் நேஷனல் எழுபதுக்குச் சற்று மேலும், பாரிசான் முப்பதும் பெற்று, எவருக்கும் பெரும்பான்மை இல்லை என்ற நிலை நாட்டின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஏற்பட்டது. வாக்குகளை எண்ணிய மை உலருமுன் 1969 மே 13-ஐ நினைவூட்டி அச்சுறுத்தும் படத்துணுக்குகள் டிக்டாக்கில் பரவின. போலீசார் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. ஒரே விரிப்பில் அமர்ந்து நோன்பு திறக்கும் மாமனும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது எழுந்து சென்ற வீடுகளும் உண்டு.

இந்நிலையில் ஒரு வினா எழுகிறது. நமக்கு நேர் எதிரான கருத்துடையவரைப் புரிந்துகொள்ள முயல்வது நம் மீது கடமையா? அல்லது மனமிருந்தால் செய்யலாம், இல்லையேல் விட்டுவிடலாம் என்ற வகையைச் சேர்ந்ததா?

கடமையன்று என்போர் மூன்று காரணங்கள் கூறுகிறார்கள். புரிந்துகொள்வது ஒப்புக்கொள்வதில் போய் முடியும் என்பது முதலாவது. அவர் நம்மைப் புரிந்துகொள்ள முயலாதபோது நாம் மட்டும் ஏன் இளைத்துப்போக வேண்டும் என்பது இரண்டாவது. சில கருத்துகள் புரிந்துகொள்ளும் தகுதியே அற்றவை என்பது மூன்றாவது. மூன்றும் பொருளற்ற வாதங்கள் அல்ல. ஆகையால் அவற்றைத் தள்ளிவிடாமல் ஆராய்வோம்.

முதல் வாதத்துக்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் மதரஸாக்களில் மரியாதையுடன் சொல்லப்படும் பெயர் ஒன்றே போதும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1058-ஆம் ஆண்டு தூஸ் நகரில் பிறந்தவர். 1091-இல் பக்தாதின் நிஜாமிய்யாக் கல்லூரியில் தலைமைப் பேராசிரியராக அமர்ந்தார். கிரேக்கத் தத்துவத்தைப் பின்பற்றிய முஸ்லிம் அறிஞர்களின் கொள்கைகளில் சில, மார்க்கத்துக்கு முரணானவை என்று அவர் கண்டார். மறுப்பு எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் என்ன செய்தார்? கல்லூரிப் பாடங்களுக்கு இடையே கிடைத்த ஓய்வு நேரங்களில், ஆசிரியர் எவருமின்றித் தாமே அந்நூல்களைப் படித்தார். இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைவாகப் படித்ததாகவும், பிறகு ஏறத்தாழ ஓராண்டு அவற்றையே மனத்தில் புரட்டிப் புரட்டிச் சிந்தித்ததாகவும் தம் வாழ்வைப் பற்றிய ‘அல்-முன்கித்’ என்ற நூலில் அவரே குறிப்பிடுகிறார். ஒரு கொள்கையை அதில் தேர்ந்தவர்களுக்குச் சமமாக அறியாமல் மறுக்கப் புகுவது இருட்டில் அம்பெய்வது போன்றது என்பது அவர் கருத்து.

அதன் பயனாக ‘மகாஸிதுல் பலாஸிபா’ என்று ஒரு நூல் வெளிவந்தது. இப்னு ஸீனா பாரசீகத்தில் எழுதிய நூல் ஒன்றைப் பெரிதும் தழுவியது அது. அதில் மறுப்பு இல்லை. தத்துவ ஞானிகள் என்ன சொல்கிறார்கள் என்பதை அவர்களே சொல்வது போல எடுத்துரைக்கிறது. மறுப்பு நூலான ‘தஹாபுதுல் பலாஸிபா’ தனி நூல். இதில் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு டொலீடோ நகரில் முதல் நூல் லத்தீனுக்குச் சென்றது. ஆசிரியரின் நோக்கத்தைக் கூறும் முன்னுரை லத்தீன் பிரதிகளில் பெரும்பாலும் இல்லை. விளைவு என்ன? ஐரோப்பியக் கல்விமான்கள் நெடுங்காலம் கஸ்ஸாலியை இப்னு ஸீனாவின் சீடர் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள்! எவரை மறுக்க அவர் பேனா எடுத்தாரோ அவருடைய மாணவராகவே கருதப்பட்டார். எதிராளியின் பேரேட்டை அவ்வளவு நேர்மையாகப் படியெடுத்திருக்கிறார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, இமாம் அவர்கள் அதைக் கற்றதால் தத்துவ ஞானியாகிவிட்டாரா? இல்லை. அவர்களுடைய தர்க்கக் கலையில் நல்லது இருக்கக் கண்டு அதை வைத்துக்கொண்டார். கணிதத்தில் சண்டையிட ஒன்றுமில்லை என்றார். மார்க்கத்தின் பெயரால் அதையும் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்று எச்சரித்தார். எங்கே பிழை என்று கண்டாரோ அங்கே கடுமையாகவே அடித்தார். எதிராளியின் கொள்கை முழுவதும் ஒரே மூட்டை அல்ல, அவிழ்த்துப் பார்த்தால் கொள்ள வேண்டியதும் தள்ள வேண்டியதும் தனித்தனியே தெரியும் என்பதைப் படித்ததனால்தான் அவர் அறிந்தார். படியாதவர் மூட்டையைக் கட்டோடு வாங்குவார், அல்லது கட்டோடு கடலில் எறிவார்.

அவரையும் ஒருவர் குறை சொல்லாமல் விடவில்லை. பாத்தினியரை மறுத்து எழுதியபோது, “அவர்களுடைய வாதத்தை அவர்களே இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை, நீர் அவர்களுக்கு உதவி செய்துவிட்டீர்” என்னும் கருத்தில் மார்க்கப் பற்றுள்ள ஒருவர் கடிந்துகொண்டார். அதை இமாம் மறைக்கவில்லை. முன்னொரு காலத்தில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் ஹாரிஸ் அல்-முஹாஸிபியை இதே காரணத்துக்காகக் கண்டித்ததையும் தாமே நினைவுகூர்கிறார். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு என்றும் ஒப்புகிறார். ஆனால் ஐயம் ஏற்கெனவே ஊரெங்கும் பரவிவிட்டபின் அதை எடுத்துச் சொல்லாமல் எவ்வாறு விடையிறுப்பது என்று கேட்கிறார். இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. பரவாத ஐயம் எது? இமாமின் விடை அவர் காலத்தைவிட நம் காலத்துக்கே அதிகம் பொருந்தும் என்பேன்.

நிற்க. இவ்விடத்தில் வணிகர்களாகிய நம்மைப் பற்றி ஒரு சொல் கூறுவது தகும். நம்மில் சிலர், “நாங்கள் எல்லாருக்கும் விற்கிறோம், மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் எங்கள் வாடிக்கைக்காரர், எங்களுக்கு எவருடனும் பகையில்லை” என்பார்கள். நல்லதே. கடையில் அரசியல் பேசுவதில்லை என்ற பழைய ஒழுங்கும் நல்லதே. அதனால் பல கடைகள் பிழைத்தன. ஆனால் அதைப் புரிந்துகொள்ளுதல் என்று எண்ணி ஏமாற வேண்டாம். வந்தவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, அவர் படியிறங்கியதும் பின்கட்டில் வேறு பேசுவது வியாபாரத் தந்திரம். அத்தந்திரம் கல்லாப்பெட்டியை நிரப்பும். உள்ளத்தைத் திறக்காது. புரிந்துகொள்ளுதல் இதனினும் கடினமான வேலை. எதிர்க்கருத்துடையவருடைய கணக்கில் எது வரவு, எது செலவு, எந்தப் பழைய கடன் இன்னும் அடைபடாமல் நிற்கிறது என்று பார்ப்பதே அது. கூட்டாளியைச் சேர்க்குமுன் அவருடைய பேரேட்டைப் பார்க்கத் தெரிந்த நமக்கு இந்த வேலை புரியாததன்று. மனந்தான் வருவதில்லை.

அண்மையில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2024 மார்ச்சில், ரமலான் தொடங்கிய சில நாட்களுக்குள், பண்டார் சன்வேயில் கேகே மார்ட் என்ற கடைத்தொடரின் கிளை ஒன்றில் அல்லாஹ்வின் திருநாமம் பொறித்த காலுறைகள் விற்பனைக்கு இருந்ததாகச் செய்தி வெளிவந்தது. நாடே கொதித்தது. கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார். புறக்கணிப்புக்கு அறைகூவல் எழுந்தது. வழக்குத் தொடரப்பட்டது. பீடோரிலும் குவாந்தானிலும் கூச்சிங்கிலும் அக்கடைத்தொடரின் கிளைகள் மீது பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. அந்த ஆண்டு ஜூலையில் கடை நிறுவனமும் அதற்குச் சரக்குக் கொடுத்த நிறுவனமும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தலைக்கு 60,000 ரிங்கிட் அபராதம் பெற்றன.

இவ்விஷயத்தில் நாம் எங்கே நின்றோம் என்பது கவனிக்கத்தக்கது. இந்நாட்டில் இருபக்கமும் ஒரே வேளையில் நிற்கத்தக்கவர் எவரேனும் உண்டென்றால் அது தமிழ் முஸ்லிம் கடைக்காரர்தாம். அவர் முஸ்லிம், ஆதலால் அந்தப் புண் இன்னதென்று அறிவார். அவர் கடைக்காரர், ஆதலால் சரக்கு எப்படி வருகிறது என்றும் அறிவார். ஆயினும் நம்மவர் இரண்டாகப் பிரிந்தே பேசினர். “விற்றபின் பணம் என்று ஒருவன் மூட்டையாகக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகும் சரக்கில் ஒவ்வொரு ஜோடியையும் எந்த முதலாளி பிரித்துப் பார்க்கிறான்? நாளை என் கடையில் இப்படி ஒன்று அகப்பட்டால் என் கதி என்ன?” என்று ஒரு சாரார் கேட்டனர். “படைத்தவன் பெயர் காலடியிலா? அதற்கும் கணக்குப் பேசுகிறாயே!” என்று மறுசாரார் வெகுண்டனர்.

வெகுண்டவர்களைப் புரிந்துகொள்வது எப்படி? நம் இல்லங்களை நினைத்துப் பாருங்கள். அரபி எழுத்துள்ள தாள் தரையில் கிடந்தால் அதை எடுத்து உயரமான இடத்தில் வைத்த பிறகுதான் நம் தாய்மார் அடுத்த அடி வைப்பார்கள். தமிழர் எவராயினும் புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். எழுத்துக்கே அந்த மரியாதை என்றால் திருநாமத்துக்கு எவ்வளவு! “வெறும் காலுறைதானே” என்று ஒருவர் சொன்னால் அவர் அந்தப் பேரேட்டைத் திறந்தே பார்க்கவில்லை என்று பொருள். அதற்குக் கீழே இன்னொரு பக்கமும் உண்டு. சொந்த நாட்டிலேயே தம் மார்க்கத்தின் மதிப்பு சிறிது சிறிதாகத் தேய்ந்துவிடுமோ என்ற அச்சம் மலாய் மக்கள் பலரிடம் இருக்கிறது. அச்சம் நியாயமானதா என்பது தனி விசாரணை. அச்சம் இருக்கிறது என்பது உண்மை. கோபமாக வெளிவருவது பெரும்பாலும் அந்த அச்சந்தான்.

மறுபக்கத்தைப் பாருங்கள். சீனக் கடைக்காரர் அந்நாட்களில் தம் மாடங்களை ஒவ்வொன்றாகத் துழாவினார். ஒரு சரக்கில் நேர்ந்த பிழைக்காகத் தம் ஆயுட்கால உழைப்பு ஓர் இரவில் எரிந்துவிடலாம் என்று அவர் அஞ்சினார். அவருடைய அச்சமும் கற்பனையன்று; மூன்று ஊர்களில் தீக்குண்டு விழுந்ததே! அவருக்கு 1969 என்பது வெறும் ஆண்டெண் அல்ல, குடும்பத்தில் சொல்லப்படும் கதை. இருவருடைய அச்சமும் மற்றவருக்கு நகைப்பாகத் தோன்றியது. அதுதான் துயரம். அக்கடைகளில் கூலிக்கு உழைத்தவர்களிடையே முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதை எவரும் நினைவுகூரவில்லை.

என் கருத்தைக் கேட்டால், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது சரி. குற்றத்தை ஒப்பியதும் அபராதம் பெற்றதும் சரி. வாங்க மாட்டேன் என்பது வாங்குவோர் உரிமை. மன்னிப்புக் கேட்டபின்னும் அதை இழுத்துக்கொண்டே சென்றது அரசியல். தீக்குண்டோ எவ்வகையிலும் கருத்தன்று. ஆகவே அதைப் புரிந்துகொள்ளும் பொறுப்பும் எவருக்கும் இல்லை. இதனால் மூன்றாவது வாதத்துக்கும் வந்து சேர்கிறோம். எல்லை எங்கே?

இதற்கு நம் வரலாற்றிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 657-ஆம் ஆண்டு ஸிப்பீன் போருக்குப் பின் ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் நடுவர் தீர்ப்புக்கு உடன்பட்டதை எதிர்த்து ஒரு கூட்டம் பிரிந்தது. கவாரிஜ் என்று அவர்களை வரலாறு அழைக்கிறது. கூபாப் பள்ளிவாசலிலேயே அவர்கள் எழுந்து, தீர்ப்பு அல்லாஹ்வுக்கே என்று முழங்கிக் கலீபாவின் பேச்சைத் தடுத்தார்கள். கலீபா என்ன செய்தார்கள்? சொல் உண்மையானது, அதைக் கொண்டு இவர்கள் நாடுவது பிழையானது என்று பிரித்துச் சொன்னார்கள். எதிராளியின் முழக்கத்தில் இருந்த உண்மையை முதலில் ஒப்புக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். பிறகு அவர்களுக்கு மூன்று உறுதிகள் அளித்தார்கள். பள்ளிவாசல்களில் தொழுவதைத் தடுக்கமாட்டோம். எங்களோடு கைசேர்த்திருக்கும் வரை பொதுச் செல்வத்தில் உங்கள் பங்கை நிறுத்தமாட்டோம். நீங்கள் தொடங்காதவரை நாங்கள் போர் தொடங்கமாட்டோம். ஆளும் தலைவரை இறைமறுப்பாளர் என்று வாய்க்கு வந்தபடி பேசியவர்களுக்கு அளித்த உறுதிகள் இவை!

அத்தோடு நிற்காமல் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அவர்களிடம் அனுப்பினார்கள். அவர் சென்று முதலில் வாதாடவில்லை. உங்கள் குறை என்ன என்று கேட்டார். மூன்று குறைகளைச் சொன்னார்கள். இன்னும் ஏதேனும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அதன் பின்னரே ஒவ்வொன்றுக்கும், அவர்கள் மதித்த ஆதாரங்களைக் கொண்டே விடை கூறினார். ஆயிரக்கணக்கானோர் திரும்பி வந்தனர் என்று அறிவிப்புகள் கூறுகின்றன. தொகையில் வேறுபாடு உண்டு. திரும்பாதவர்கள் வழியில் கண்ட முஸ்லிம்களைக் கொன்றபோதுதான் 658-இல் நஹ்ரவானில் போர் நடந்தது. ஆக, வரம்பு கருத்தில் கிழிக்கப்படவில்லை. வாள் எடுத்த கையில் கிழிக்கப்பட்டது.

இதை வைத்துக்கொண்டு, புரிந்துகொள்பவர்க்குத் தீங்கு நேராது என்று எவரும் எழுதிவிட வேண்டாம். 661-இல் ஹஸ்ரத் அலீ அவர்களைக் கொன்றவன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே. எதிராளிக்கு நீதி செய்வது பாதுகாப்புக்கான விலை அன்று. கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்ற வியாபாரமும் அன்று.

இரண்டாவது வாதம் இந்த வியாபார எண்ணத்திலிருந்துதான் பிறக்கிறது. “அவர் முயலட்டும், நானும் முயல்கிறேன்” என்பது. திருமறையில் அல்-முதப்பிபீன் என்ற அத்தியாயத்தை நம் வணிகர்கள் நன்கறிவார்கள். பிறரிடம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடு என்று அது எச்சரிக்கிறது. வாடிக்கைக்காரர் நேர்மையானவராயின் மட்டுமே சரியாக நிறுக்க வேண்டும் என்று அதில் விலக்கு ஏதும் இல்லை. அந்தத் தராசு அரிசிக்கும் சீனிக்கும் மட்டுந்தானா? நம் கட்சியைச் சேர்ந்த உறுப்பினர் அணி மாறினால் அது நாட்டு நலன். எதிர்க்கட்சிக்காரர் மாறினால் அது துரோகம். நம் தலைவர் பழைய பகைவரோடு கைகுலுக்கினால் பெருந்தன்மை. அவர் குலுக்கினால் பதவி ஆசை. 1998 செப்டம்பரில் அன்வாரைப் பதவியிலிருந்து நீக்கிய மகாதீர், 2016 செப்டம்பரில் கோலாலம்பூர் நீதிமன்றத்தில் அவரோடு கைகுலுக்கினார். பதினெட்டு ஆண்டுப் பகை ஒரு பிற்பகலில் முடிந்தது. பிறகு மீண்டும் முறிந்தது. 2022 தேர்தல் முடிந்ததும், பக்காத்தானும் பாரிசானும் சேர்ந்தே ஆட்சி அமைத்தன. அவ்விருவருக்காகவும் அதுவரை அடித்துக்கொண்ட அண்டை வீட்டார் மட்டும் இன்னும் சேரவில்லை! தலைவர்களை நான் பழிக்கவில்லை. நாடாள்வதற்கு ஒத்துப்போதல் தேவை. நம் தராசில் இரண்டு வகைப் படிக்கற்கள் இருப்பதையே சுட்டுகிறேன்.

அதே தேர்தலில் கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களில் எல்லா நாடாளுமன்ற இடங்களையும் பெரிக்காத்தான் வென்றது. பச்சை அலை என்றார்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தேநீர் மேசைகளில் அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம் ஒரே சொல்: மதவெறி. கொஞ்சம் பொறுமையாகப் பேரேட்டைப் புரட்டினால் வேறு வரவுகளும் தெரியும். தேர்தலுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 2022 ஆகஸ்டில், முன்னாள் பிரதமர் நஜிப் ஊழல் வழக்கில் சிறை சென்றிருந்தார். அம்னோவின் ஊழலால் மனம் வெறுத்த மலாய் வாக்காளர் பலர், பக்காத்தானுக்கு வாக்களிக்கவும் மனமின்றி மூன்றாவது வாயிலைத் தட்டினார்கள். அதாவது, 2018-இல் நகரத்து வாக்காளரை எந்தக் கோபம் வாக்குச்சாவடிக்கு இழுத்துச் சென்றதோ அதே கோபம் 2022-இல் கம்போங் வாக்காளரில் ஒரு பகுதியினரையும் இழுத்துச் சென்றது. முன்னவரைப் போராளி என்றோம். பின்னவரை வெறியர் என்றோம். மார்க்க உணர்வுக்காக வாக்களித்தவர்களும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. இன உணர்வைக் கிளறிய பேச்சுகளும் இருந்தன. ஆனால் எல்லாரையும் ஒரே பட்டப்பெயரால் அழைப்பது அல்-ஹுஜுராத் அத்தியாயம் விலக்கும் செயலன்றோ? இழிபெயர் சூட்டுவதையும், ஊகத்தின் மேல் ஊகம் அடுக்குவதையும், செய்தி கொண்டுவந்தவனை விசாரியாமல் நம்புவதையும் அந்த ஓர் அத்தியாயமே தடுக்கிறது.

செய்தி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வை நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக்க அப்பாஸியக் கலீபா விரும்பினார். மன்ஸூர் என்றும் ஹாரூன் என்றும் இருவகையாக அறிவிக்கப்படுகிறது. எந்த நூலாசிரியருக்கும் இதைவிடப் பெருமை உண்டா? இமாம் மறுத்துவிட்டார். நபித்தோழர்கள் பல நாடுகளிலும் பரவினர். ஒவ்வோர் ஊராரும் தங்களுக்கு வந்து சேர்ந்ததைக் கொண்டு நடக்கிறார்கள். அவர்களை அவர்கள் வழியில் விட்டுவிடுங்கள் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். இது மிக நுட்பமான சிந்தனை. மாறுபடுகிறவர் மூடரும் அல்லர், கெட்டவரும் அல்லர். அவருக்கு வந்து சேர்ந்தது வேறு. இன்று ஒரே மேசையில் அமர்ந்திருக்கும் இருவருடைய கைப்பேசிகளில் வந்து சேருவது இரண்டு வெவ்வேறு நாடுகளின் செய்திகள் போல இருக்கின்றன. ஆகவே எதிராளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ஏன் இப்படி எண்ணுகிறீர்?” என்பதன்று. “உமக்கு என்ன வந்து சேர்ந்தது?” என்பதாகும். அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பல வேளைகளில், நமக்கும் அதுவே வந்திருந்தால் நாமும் அப்படித்தான் கொதித்திருப்போம் என்பது விளங்கும். வந்தது பொய்யாயின், அதை அவருக்கு எடுத்துக்காட்டும் வாயிலும் அப்போதுதான் திறக்கும்.

இப்படி வாழ்வது நமக்குப் புதிதன்று. தமிழகக் கரையோரத்திலிருந்து இங்கு வந்த நம் முன்னோர் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபினர். உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்தோர் பெரும்பாலும் ஹனபி மத்ஹபினர். ஒரே ஸப்பில் நின்றார்கள். ஒருவர் சுபுஹில் குனூத் ஓதுவார், மற்றவர் ஓதார். ஏன் என்று இருவருக்கும் தெரியும். மற்றவருடைய ஆதாரத்தையும் ஓரளவு அறிவார்கள். ஆகையால் எவரும் எவரையும் பள்ளிவாசலை விட்டு விரட்டவில்லை.

ஆனால் இன்று நம் சங்கங்களுக்குள்ளேயே ஒரு வழக்கு இருக்கிறது. கூட்டாட்சி அரசியலமைப்பின் 160-ஆவது பிரிவு, இஸ்லாத்தைத் தழுவி, மலாய் மொழியை வழக்கமாகப் பேசி, மலாய் வழக்கங்களைக் கைக்கொள்பவரை மலாய்க்காரர் என்று வரையறுக்கிறது. பிறப்பு, குடியிருப்பு பற்றிய நிபந்தனைகளும் உண்டு. இதைக் கொண்டு, நாமும் மலாய்ச் சமூகத்தோடு இணைந்துவிட வேண்டும், அதற்குரிய தகுதியும் பெற வேண்டும் என்போர் ஒரு சாரார். தமிழை விட்டு நமக்கு என்ன அடையாளம் என்போர் மறுசாரார். முன்னவரைச் ‘சலுகைக்கு மொழியை விற்றவர்’ என்று பின்னவரும், பின்னவரைச் ‘சமுதாயத்தைப் பின்னுக்கு இழுப்பவர்’ என்று முன்னவரும் ஏசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

இணைய வேண்டும் என்பவருடைய பேரேட்டில் என்ன இருக்கிறது? மூன்று தலைமுறையாக வீட்டில் மலாய் பேசும் குடும்பம், மலாய்ப் பாட்டியர், பள்ளிக்கூடத்திலும் கடனுதவியிலும் எந்தக் கட்டத்தில் அடையாளமிடுவது என்று தடுமாறும் பிள்ளைகள், ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதும் வெளியாராகக் கருதப்படும் மனவலி. தமிழ் வேண்டும் என்பவருடைய பேரேட்டில் என்ன இருக்கிறது? தமிழில் பாத்திஹாவின் பொருள் சொல்லித் தந்த தாய். அரபுத் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போன ஆலிம்கள். ஊரில் இன்னும் கடிதமும் திருமணத் தொடர்பும் உள்ள உறவுகள். ஒரு தலைமுறை பேசாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குத் திரும்பி வராத மொழி. இவற்றில் எது பொய்க்கணக்கு?

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை கூறுகிறேன். இப்பொருள் பற்றி அடுத்த முறை கூட்டம் போடும்போது, இணைப்பை விரும்புவோரில் ஒருவரைத் தமிழின் சார்பிலும், தமிழை விரும்புவோரில் ஒருவரை இணைப்பின் சார்பிலும் முதலில் பேசச் செய்யுங்கள். தலைக்குப் பத்து நிமிடம் போதும். எதிர்த்தரப்பார், “ஆம், நாங்கள் சொல்வது இதுதான்” என்று எழுந்து ஒப்புக்கொண்ட பிறகே அவரவர் தம் சொந்த வாதத்தைத் தொடங்கலாம் என்று விதி வையுங்கள். ஒப்புக்கொள்ளாவிடில் இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள். அன்றிரவு தீர்மானம் எதுவும் நிறைவேறாமல் போகலாம். போகட்டும், இஷாவுக்குப் பின் மண்டபத்தை இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால், தேநீரோடு மீதியையும் பேசிக்கொள்வார்கள்.